பத்து மதிப்பெண் துயரம்

1

இந்தக் கதை ஒரு விண்ணப்பப் படிவத்தின் பதினான்காம் கேள்வியிலிருந்து வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

கேள்வி இது: 'கட்டண விலக்குக் கோருவதற்கான உங்கள் சூழ்நிலையை ஐந்நூறு சொற்களுக்குள் விளக்குக.' கீழே ஒரு கட்டம். அதில் கையால் எழுதினால் நூற்றிருபது சொற்கள்தான் கொள்ளும். கட்டத்தைப் பெரிதாக்கும்படி மூன்று ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன். பெரிதாக்கினால் பதினைந்தாம் கேள்வி அடுத்த பக்கத்துக்குப் போய்விடும் என்கிறார்கள். பதினைந்தாம் கேள்வி கையொப்பம்.

ஒரு பல்கலைக்கழகத்தின் முதுநிலைப் படிப்பு அலுவலகத்தில், வெளிநாட்டு மாணவர் கவுண்டரில் உட்காருகிறேன். பெயர் சிவநேசன். பல்கலைக்கழகத்தின் பெயரைக் கேட்காதீர்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் அப்படி ஒன்று இல்லை. இல்லாத இடத்தில் வேலை பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சம்பளமும் ஏறக்குறைய அப்படித்தான்.

படிவத்தை மாணவர்கள் நிரப்புவார்கள். நான் ஒரு மதிப்பெண் தாளை வைத்துக்கொண்டு அவர்களுடைய துயரத்துக்குப் புள்ளி போடுவேன். தாள் மாணவர்களுக்குத் தெரியாது. உங்களுக்குச் சொல்கிறேன்.

நெருங்கிய குடும்பத்தில் மரணம்: பத்து. வெள்ளம், தீ, நிலநடுக்கம்: ஏழு. பெற்றோருக்குத் தீவிர நோய்: ஐந்து. பெற்றோருக்கு வேலை போனால்: மூன்று. இதர: இரண்டு. நாணய மதிப்பு வீழ்ச்சி: ஒன்று.

எட்டு எடுத்தால் விண்ணப்பம் குழுவுக்குப் போகும். ஏழு எடுத்தால் வருத்தம் தெரிவித்துக் கடிதம் போகும். அந்தக் கடிதத்தையும் நான்தான் அடிக்கிறேன். 'உங்கள் நிலைமையை நாங்கள் முழுமையாக உணர்கிறோம்' என்று தொடங்கும்.

என் மேலதிகாரி பரமேஸ்வரன் அடிக்கடி சொல்வது: "நேசன், ஷீட் படி போ. கண்ணீர் வேணாம், டாக்குமெண்ட் வேணும்."

ஒரு மாணவிக்காக அந்தக் கட்டத்தை நிரப்ப உட்கார்ந்தேன். விதிப்படி நான் அதைச் செய்யக் கூடாது. செய்தேன். கட்டத்தில் அடங்கவில்லை. அடங்காதது உங்களிடம் வந்திருக்கிறது.

2

முதல் தொடக்கம்:

'காரைக்குடியிலிருந்து கண்கள் நிறையக் கனவுகளைச் சுமந்துகொண்டு கோலாலம்பூரில் வந்திறங்கிய'

(நிறுத்திவிட்டேன். அவள் சுமந்து வந்தது முப்பது கிலோ பெட்டி. அதில் பதினொரு கிலோ தேன்குழலும் சீப்புச் சீடையும். விமான நிலையத்தில் திறந்து காட்டச் சொன்னார்களாம். காட்டி, ஆளுக்கு ஒன்று கொடுத்தாளாம்.)

இரண்டாம் தொடக்கம்:

'ஒரு ரிங்கிட்டுக்குப் பதினெட்டு ரூபாய் கொடுத்த அந்தப் பொற்காலத்தில்'

(சரித்திரக் கதை போல இருக்கிறது. அடுத்த வரியில் யானை வந்துவிடும்.)

மூன்றாம் தொடக்கம்:

'என் மனைவி'

(இல்லை.)

தொடக்கமே இல்லாமல் தொடங்குகிறேன். அவள் பெயர் நாகம்மை. வயது இருபத்தொன்பது. முனைவர் பட்டத்துக்குப் பாசி வளர்க்கிறாள். தெலுக் பங்லிமா காராங் பக்கம் ஒரு தொழிற்பேட்டை இருக்கிறது. அங்கிருந்து கழிவுநீரைப் பாட்டிலில் பிடித்துவந்து ஆய்வுக்கூடத்தில் பாசிக்கு ஊற்றுகிறாள். பாசி அதைக் குடித்துவிட்டு நல்ல தண்ணீராகத் திருப்பிக் கொடுக்கிறது. கொடுப்பதாக நிரூபித்துவிட்டாள். ஆய்வேட்டை அச்செடுத்துச் சமர்ப்பிக்க வேண்டியதுதான் பாக்கி.

உதவித்தொகை மூன்று ஆண்டுக்கு. ஆய்வு முடிய மூன்றரை ஆண்டு ஆனது. ஏன் அந்த அரை ஆண்டு என்று கேட்டேன். "பாசிதான் அண்ணா, வளர மாட்டேங்குது," என்றாள். பாசியின் குணம் எனக்குத் தெரியாது. நம்பினேன்.

இப்போது சிக்கல். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க அவள் மாணவியாகப் பதிவில் இருக்க வேண்டும். பதிவில் இருக்கக் கட்டணம் கட்ட வேண்டும். மாணவர் விசாவைப் புதுப்பிக்கவும் அதே ரசீதைக் கேட்கிறார்கள். வேலை செய்து கட்டலாம் என்றால் அந்த விசாவில் வேலை செய்யக் கூடாது. ஒரு பருவத்துக்கு நாலாயிரத்து எண்ணூறு ரிங்கிட். அவள் வந்தபோது அது எண்பத்தாறாயிரம் ரூபாய். இப்போது லட்சத்தைத் தாண்டிவிட்டது. அவள் எதுவும் செய்யவில்லை. ரூபாய் தானாக விழுந்தது. அதற்கு ஒரு மதிப்பெண்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு விண்ணப்பம் மூடுகிறது. விலக்குக் கிடைக்காவிட்டால் மாதக் கடைசியில் ஊருக்குப் போக வேண்டும், பட்டம் இல்லாமல். பாசியைச் சாக்கடையில் ஊற்றிவிடுவார்கள். சாக்கடை சுத்தமாகலாம்.

3

கதாபாத்திரத்தைப் பற்றி என் சந்தேகம்: இவளுக்குத் துயரமே இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைக் கடை ஒன்றில் உட்கார்ந்து விசாரித்தேன். மதிப்பெண் தாளை மனத்தில் வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டேன்.

"ஊர்ல வெள்ளம் ஏதும் வந்துச்சா?"

"எங்க ஊர்லயா? குடிக்கவே லாரில தண்ணி வருது அண்ணா."

"வறட்சின்னு போடலாமா?"

"அதுக்கு மார்க் உண்டா?"

"இல்ல. தண்ணி கூடினாத்தான் மார்க். கொறஞ்சா இல்ல."

"என்ன அண்ணா நியாயம் இது?"

"அப்பாவுக்கு ஒடம்பு எப்படி?"

"கல்லு மாதிரி இருக்காரு. தைப்பூசத்துக்கு நடந்தே பழனி போயிட்டு வந்தாரு."

"முட்டி வலி?"

"கூட நடந்தவங்களுக்கு."

"கடையில நஷ்டம்?" அவள் அப்பா காரைக்குடியில் நோட்டுப் புத்தகக் கடை வைத்திருக்கிறார்.

"லாபமும் இல்ல, நஷ்டமும் இல்ல. இருபத்தஞ்சு வருஷமா ஒரே மாதிரி ஓடுது. அம்மா நகைய விக்கலாம்னாங்க. நான்தான் வேணாம்னுட்டேன். நகைய வித்துப் பாசி வளத்தாள்னு ஊர்ல பேராயிடும்."

"தீ?"

"பக்கத்துக் கடையில ஒரு தடவ புகை வந்துச்சு. சாம்பிராணி."

(எழுதுகிறவனுக்கு இது பெரிய இடைஞ்சல். காயம் இல்லாத கதாபாத்திரத்தை எங்கே பிடித்துத் தூக்குவது? இவளை மாற்றிவிட்டு வேறு ஒருத்தியைப் படைக்கலாமா என்று யோசித்தேன். அவள் எதிரில் உட்கார்ந்து என் அப்பளத்தையும் எடுத்துத் தின்றுகொண்டிருந்தாள். மாற்றவில்லை.)

"நீ கடைசியா எப்ப அழுத?" என்றேன்.

அவள் அப்பளத்தை வைத்தாள்.

"அக்காவுக்கு," என்றாள். பிறகு பரிமாறுகிறவரிடம், "அண்ணே, ரசம்," என்றாள்.

ரசம் சாப்பிட்டோம்.

4 (இதை அடிக்குறிப்பாக வைத்திருக்க வேண்டும். இடம் போதவில்லை.)

என் மனைவி இந்தக் கதையில் இல்லை. பெயர் ஷாமினி. பதினான்கு மாதங்களுக்கு முன்னால் டெங்கிக் காய்ச்சலில் இறந்தாள். ஐந்து நாள். வயது முப்பத்தொன்று.

நாகம்மை இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஆறு மாதம் எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தாள். பிறகு ஸ்ரீ கெம்பாங்கானில் தோழிகளோடு வீடு பார்த்துக்கொண்டு போனாள். போன பிறகும் சனிக்கிழமைகளில் ஷாமினிதான் அவளைக் காரில் தெலுக் பங்லிமா காராங் கூட்டிக்கொண்டு போவாள்.

நாகம்மை அவளை அக்கா என்பாள். என்னை அண்ணா என்பாள். இந்தக் கணக்குப்படி நானும் என் மனைவியும் உடன்பிறந்தவர்கள். ஷாமினி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அண்ணாவை அத்தானாக்கச் சொல்லி நாகம்மையை வற்புறுத்தினாள். நாகம்மைக்கு வாயில் வரவில்லை.

இறப்புச் சான்றிதழுக்குப் பதினைந்து நகல் எடுத்து முத்திரை வாங்கி வைத்தேன். எல்லா இடத்திலும் கேட்பார்கள் என்றார்கள். பதினொரு இடத்தில் கேட்டார்கள். நாலு மீதி. ஒன்றை அவள் சேர்ந்திருந்த உடற்பயிற்சிக் கூடத்தில் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. மாதம் தொண்ணூற்றொன்பது ரிங்கிட் என் கணக்கிலிருந்து போகிறது. முதல் தேதி அவள் கைப்பேசிக்கு ஒரு செய்தி வரும். 'வீ மிஸ் யூ, ஷாமினி. எப்போது வருகிறீர்கள்?' அவள் உயிரோடு இருந்தபோதும் இதே செய்திதான் வந்தது. இரண்டே முறைதான் அங்கே போயிருந்தாள்.

அடிக்குறிப்பு முடிந்தது. கதைக்குப் போகலாம்.

5

சனிக்கிழமை சாயங்காலம் ஒரு வரைவு எழுதினேன். இருபது நிமிடத்தில் வந்துவிட்டது. பதினான்கு மாதமாக மளிகைச் சீட்டுக்கூட எழுதாதவன் நான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாதம் ஒரு ஞாயிறு கிள்ளானில் என் மாமியார் வீட்டில் சாப்பாடு. நாகம்மையும் வருவாள். சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறி உட்கார்ந்ததும் வரைவை அவளிடம் கொடுத்தேன்.

'என் உடன்பிறந்த அக்கா ஷாமினி பிரிக்ஃபீல்ட்ஸில் வாழ்ந்தார். அமைதியே உருவானவர். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவர். என் ஆய்வுக்காக ஒவ்வொரு சனிக்கிழமையும் முகம் சுளிக்காமல் காரோட்டியவர். கைம்மாறு கருதாதவர். அவருடைய திடீர் மறைவு'

அவள் பெட்டாலிங் நிலையம் வரும்வரை படித்தாள். அரைப் பக்கம்தான்.

"அண்ணா, யார் இது?"

"ஷாமினி."

"எந்த ஷாமினி?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

"அதிர்ந்து பேச மாட்டாங்களா? டோல்ல கார்டு வேலை செய்யலன்னா அவங்க பேசறது மூணு லேன் தாண்டிக் கேக்கும். ஒருநாள் லாரி டிரைவர் எறங்கி வந்து மன்னிப்பு கேட்டான் அண்ணா. அவன் ஒண்ணுமே பண்ணல."

"சரி. அடிச்சிடு."

"முகம் சுளிக்காம? பாட்டில் நாத்தத்துக்குத் தலைய ஜன்னலுக்கு வெளிய நீட்டித்தான் ஓட்டுவாங்க. கைம்மாறுன்னா என்ன, காசா?"

"பதிலுக்கு ஏதாச்சும் எதிர்பார்க்கிறது."

"பெட்ரோல் காசு வாங்கிடுவாங்க. ஏழு ரிங்கிட் இருபது காசுன்னா அந்த இருபது காசும் வேணும். சில்லறை இல்லன்னா அடுத்த வாரம் ஞாபகம் வச்சுக் கேப்பாங்க."

"என்கிட்ட சும்மா கூட்டிட்டுப் போறேன்னு சொன்னா."

"உங்ககிட்ட சொல்லாதேன்னாங்க. அந்தக் காசுல ரெண்டு பேரும் செண்டோல் சாப்பிடுவோம்."

அவள் பேனா எடுத்து அடித்தாள். ஓரத்தில் எழுதினாள். நான் சொன்னேன், அவள் எழுதினாள். அவள் சொன்னாள், நான் 'அது வேண்டாம்' என்றேன், அதையும் எழுதினாள். கேரம் விளையாடும்போது காயை விரலால் தள்ளுவது. தள்ளவில்லை என்று சத்தியம் செய்வது. சுபாங் ஜெயா வருவதற்குள் என் வரைவில் இருந்த புனிதவதி இறங்கிப் போய்விட்டாள். ஷா ஆலமில் ஷாமினி ஏறிவிட்டாள்.

சொற்கள் அறுநூற்று நாற்பது ஆகியிருந்தன.

"மத்தது சரியா?" என்று கேட்டேன். "கூடப் பொறந்த அக்கான்னு போட்டது?"

"அதுல என்ன தப்பு?" என்றாள். பிறகு யோசித்தாள். "ஓ."

"பத்து மார்க். எங்கிட்ட டெத் சர்டிபிகேட் நாலு நகல் இருக்கு. ஆனா உறவுக்கு ஆதாரம் கேப்பாங்க. உன் அப்பா வேற, அவ அப்பா வேற. நாடே வேற."

"அப்ப முடியாது."

"முடியாது."

எங்கள் இரண்டு பேருக்கும் அது நிம்மதியாக இருந்தது. கிள்ளானில் இறங்கினோம்.

6

இங்கே மாமியார் வருகிறார். கதை இதற்குப் பிறகு என் பேச்சைக் கேட்காது.

பெயர் புஷ்பவல்லி. ஷாமினி ஒரே பிள்ளை. மாமனார் முன்பே போய்விட்டார். மாமியார் பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலை நடத்தியவர். இருவருக்குச் சமைக்கத் தெரியாது. இருநூறு பேருக்குச் சமைப்பார்.

"என்னா தம்பி, எலும்பாப் போய்ட்டீங்க லா," என்றார். போன மாதமும் இதையே சொன்னார். நான் அதற்குள் மூன்று கிலோ கூடியிருந்தேன்.

நண்டு வைத்தார். நாகம்மையின் விஷயத்தைக் கேட்டார். அவளே சொன்னாள், மதிப்பெண் தாள் உட்பட. அதை அவளிடம் நான் சொல்லியிருக்கக் கூடாது.

"அக்கா செத்தா பத்து மார்க்கா?"

"கூடப் பொறந்தவங்கன்னு ஆதாரம் வேணுமாம், அம்மா. நம்மகிட்ட இல்ல."

"இருங்க," என்று உள்ளே போனார். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு பிளாஸ்டிக் உறையோடு வந்தார். உறைக்குள் ஒரு தமிழ் நாளிதழின் கால் பக்கம். மரண அறிவித்தல்.

"பாரு. பேப்பர்லயே வந்திருக்கு."

நாகம்மை சத்தமாகப் படித்தாள். "தங்கை, நாகம்மை, காரைக்குடி." நிறுத்தினாள். "அம்மா, நான் எப்படி இதுல?"

"நான்தான் குடுத்தேன். கால் பக்கத்துக்குக் காசு வாங்கிட்டான். இந்தப் பக்கம் இவரு ஒருத்தர், அந்தப் பக்கம் நான் ஒருத்தி. நடுவுல வெள்ளையாக் கெடந்துச்சி. பாக்குறவங்க நாதி இல்லாத குடும்பம்னு நெனைப்பாங்க லா. நெரப்ப வேணாமா?"

"சுங்கை வே தம்புசாமி, சித்தப்பான்னு போட்டிருக்கே?"

"அவன் என் வீட்டுக்காரரோட சண்ட போட்டு ஒம்பது வருசமாப் பேசல. பேர் போட்டதும் வந்துட்டான். மூணு நாளு இருந்து சாப்ட்டான்."

நான் நண்டின் காலை உடைத்துக்கொண்டிருந்தேன்.

"உன் பேரப் பொய்யாப் போட்டேன்னு நெனைக்காத," என்றார் மாமியார், அவளைப் பார்த்து. "கோடி போட்டது யாரு? பொறந்த வீட்டுச் சேலைய, எடுக்குறதுக்கு முன்ன, கூடப்பொறந்தவங்கதான் மேல போத்தணும். யாருமே இல்ல. நீதான் போய் மஸ்ஜிட் இந்தியா கடைத்தெருவுல சேல எடுத்துட்டு வந்து போத்துன. பச்சக் கலரு. அப்பறம் நீ யாரு?"

(எனக்கு இது நினைவில்லை. அங்கேதான் நின்றிருந்தேன் என்கிறார்கள். எழுத்தாளன் இங்கே நம்பத்தகாதவன். மாமியாரை நம்புங்கள்.)

"வேணாம்மா," என்றாள் நாகம்மை. "அக்கா செத்ததுக்கு நான் காசு வாங்கின மாதிரி ஆயிடும்."

"ஏன், இன்சூரன்ஸ்காரன்ட்ட நானும்தான் வாங்குனேன். இவரும்தான் வாங்குனாரு. கோவிச்சிக்கிட்டாளா?"

நாகம்மை நண்டைக் கீழே வைத்தாள். இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் சாப்பாட்டை நிறுத்தி நான் பார்த்தது அந்த வாரத்தில் இரண்டாவது முறை.

புறப்படும்போது மாமியார் அந்தக் கால் பக்கத்தை மடித்து என் சட்டைப் பையில் வைத்தார். "என்ட்ட இன்னும் பத்தொம்பது இருக்கு," என்றார். அன்றைக்கு இருபது பிரதி வாங்கியிருக்கிறார்.

நான் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. பதினான்கு மாதத்தில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. சட்டையை மாற்றும்போது அதையும் மாற்றி வைத்துக்கொண்டேன்.

7

செவ்வாய்க்கிழமை பரமேஸ்வரனிடம் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

"பாஸ், நெருங்கிய குடும்பம்னா யார் யாரு?"

"ஷீட்ல இருக்கு லா. அப்பா, அம்மா, புருசன், பொண்டாட்டி, புள்ளைங்க, கூடப்பொறந்தவங்க."

"கூடப்பொறந்தவங்கன்னு எப்படித் தெரியும்?"

"டாக்குமெண்ட் இருந்தா கூடப்பொறந்தவங்க. இல்லாட்டி இல்ல."

"நியூஸ்பேப்பர் அறிவிப்பு?"

"ஒத்துக்கலாம். என்னா பேப்பர்?"

"தமிழ்."

"குழுவுல தமிழ் படிக்கத் தெரிஞ்சவங்க யாரும் இல்ல. நீதான் மொழிபெயர்த்து அடியில கையெழுத்துப் போடணும். பேரு, பதவி, ஸ்டாப் நம்பர் எல்லாம்." பிறகு என்னை ஒரு தரம் பார்த்தார். "ஏன் கேக்குற?"

"சும்மா."

"சும்மா கேளு. சும்மா கையெழுத்துப் போடாத."

ஆக, கதைக்கு இப்போது நாலு முடிவுகள் கைவசம் இருக்கின்றன. விரித்து வைக்கிறேன்.

முடிவு அ. பத்திரிகை நறுக்கை மொழிபெயர்த்துக் கையெழுத்துப் போட்டு இணைக்கிறேன். பத்து மதிப்பெண். நாகம்மை டாக்டர் நாகம்மை ஆகிறாள். பட்டமளிப்பு விழாவுக்குப் புஷ்பவல்லி இருநூறு பேருக்குப் பிரியாணி கட்டிக்கொண்டு வருகிறார். அங்கே பரமேஸ்வரன் ஒரு பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, "உன் மச்சினிச்சியா? சொல்லவே இல்லையே," என்கிறார். மறுநாள் எனக்கு வேலை போகிறது. வேலை போனால் மூன்று மதிப்பெண், ஆனால் நான் மாணவன் இல்லை.

முடிவு ஆ. நீங்கள் மூன்றாம் பக்கத்திலிருந்து எதிர்பார்ப்பது. இன்சூரன்ஸ் பணம் வங்கியில் தொடாமல் கிடக்கிறது, அதிலிருந்து கட்டிவிடலாமே. கேட்டேன். "தேன்குழல் வித்தாவது கட்டுவேன், அந்தக் காசு வேணாம்," என்றாள். அவள் சம்மதித்தாலும் முடியாது. தான் கையாளும் கோப்பின் மாணவருக்கு ஊழியர் கட்டணம் கட்டக் கூடாது என்று சுற்றறிக்கை இருக்கிறது. அதைத் தட்டச்சு செய்தவன் நான்.

முடிவு இ. பிரிக்ஃபீல்ட்ஸில் சிலர் ஏற்கெனவே எழுதிவிட்ட முடிவு. மனைவியை இழந்த இளைஞன், கல்யாணமாகாத பெண், துணைவி விசா, எல்லாப் பிரச்சினையும் தீர்ந்தது. இதை நினைத்த வாசகர் தயவுசெய்து எழுந்து வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வரவும். அவள் என்னை அண்ணா என்கிறாள்.

முடிவு ஈ. விண்ணப்பம் மூன்று மதிப்பெண்ணோடு விழுகிறது. வருத்தக் கடிதத்தை நான் அடிக்கிறேன். 'உங்கள் நிலைமையை நாங்கள் முழுமையாக'

(அந்த வாக்கியத்தை இதுவரை இருநூறு தடவையாவது அடித்திருப்பேன். இன்று நடுவில் நின்றுவிட்டது.)

8

வெள்ளிக்கிழமை. நாலரைக்கு நாகம்மை வந்தாள். எண் எடுத்து, வரிசையில் உட்கார்ந்து, எண் வந்ததும் என் கவுண்டருக்கு வந்தாள். வேறு யாரும் இல்லை. இருந்தாலும் எண் எடுத்தாள்.

"நானே எழுதிட்டேன் அண்ணா," என்று படிவத்தைத் தள்ளினாள். "உங்களுது நல்லா இருந்துச்சு. ஆனா ரொம்ப நீளம். நான் வச்சுக்கறேன்."

போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். சரிபார்க்க நேரமாகும் என்று அவளுக்குத் தெரியும்.

பதினான்காம் கேள்வியைப் படித்தேன். ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். தமிழில் இப்படி வரும்:

'உதவித்தொகை மூன்று ஆண்டு. எனக்கு மூன்றரை ஆண்டு ஆனது. ரூபாயின் மதிப்பு விழுந்தது. என் அப்பா நலமாக இருக்கிறார். எங்கள் ஊரில் வெள்ளம் வராது. இந்த நாட்டில் எனக்கு ஒரு அக்கா இருந்தார். கூடப் பிறந்தவர் இல்லை. சனிக்கிழமைகளில் என்னைக் காரில் கூட்டிப்போவார். பெட்ரோல் காசு வாங்கிக்கொள்வார். அவர் இறந்த பின் மூன்று மாதம் அந்தச் சாலையில் என்னால் போக முடியவில்லை. பிறகு பஸ் மாறி மாறிப் போனேன். பாட்டில்கள் வெயிலில் கெட்டன. மறுபடி முதலிலிருந்து வளர்த்தேன். அந்த அரை ஆண்டு அதுதான். ஆவணம் எதுவும் இணைக்கவில்லை.'

கட்டத்துக்குள் அடங்கியிருந்தது. இடமும் மிச்சம்.

பாசி வளர மாட்டேங்குது என்று என்னிடம் சொல்லியிருந்தாள்.

மதிப்பெண் தாளை எடுத்தேன். நாணயம் ஒன்று. இதர இரண்டு. மொத்தம் மூன்று. பத்துக்கான கட்டம் காலியாக இருந்தது.

சட்டைப் பையிலிருந்து நறுக்கை எடுத்தேன். மொழிபெயர்க்க வேண்டுமென்றால் படித்தாக வேண்டும். பிரித்தேன். மடித்த இடத்தில் அவள் நெற்றியில் ஒரு கோடு விழுந்திருந்தது. கல்யாணத்துக்கு எடுத்த படம். பக்கத்தில் என் தோள் கொஞ்சம் தெரிகிறது. மிச்ச ஆளை வெட்டியிருந்தார்கள்.

படித்தேன். 'திருமதி ஷாமினி அவர்கள் இறைவனடி சேர்ந்தார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். கணவர்: சிவநேசன்.'

பெயரை இரண்டு தரம் பார்த்தேன். நான்தான். அதுவரை என்னிடம் யாரும் இதை முறையாகத் தெரிவித்திருக்கவில்லை.

அதற்கு அடுத்த வரி, தங்கை: நாகம்மை. எழுத்து அளவு ஒன்றே.

கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கவுண்டர் கண்ணாடியையும் துடைத்தேன்.

பிறகு ஒரு வெள்ளைத் தாளில் அறிவித்தலை ஆங்கிலத்தில் எழுதினேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை, ஒரு சொல்லும் குறைக்கவில்லை. பேப்பரில் இருப்பது அதில் இருக்கிறது. கீழே பெயர், பதவி, ஊழியர் எண் எழுதினேன். கையெழுத்துக்கு இடம் விட்டேன். இப்போது மேசையில் எல்லாம் இருக்கின்றன. கூடப் பிறந்தவர் இல்லை என்று அவள் எழுதிய படிவம். தங்கை என்று பேப்பர் சொல்லும் நறுக்கு. ஒரு மொழிபெயர்ப்பு. ஒரு பேனா. ஸ்டேப்ளர்.

இணைத்தால் கோப்பு தனக்குத்தானே முரண்படும். இணைக்காவிட்டால் அந்த அரை ஆண்டுக்கு மதிப்பெண் இல்லை. குழு கேட்டால் எதை நம்பச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டுமே உண்மை என்றுதான் படுகிறது. தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

பரமேஸ்வரன் அறைக் கதவு திறந்து மூடியது. "நேசன், அஞ்சு மணிக்குக் கவுண்டரை மூடிடு. ஒரு நிமிஷம் கூட வேணாம். போன மாசம் அஞ்சு அஞ்சுக்கு வாங்கிட்டேன்னு மேலே என்னைப் புடிச்சிக்கிட்டாங்க."

"சரி பாஸ்."

சுவர்க் கடிகாரத்தில் நாலு ஐம்பத்தெட்டு.

இதற்கு மேல் நான் எழுதினால் அது என் முடிவாகிவிடும். என்னை நம்ப முடியாது என்று முன்பே சொன்னேன். ஷாமினியைப் புனிதவதியாக்கியவன் நான். நீங்கள் அப்படி இல்லை. உங்களுக்கு அவளைத் தெரியும், இருபது காசு உட்பட. நாகம்மையையும் தெரியும். பச்சைச் சேலையும் தெரியும். இந்த ஊரில் இவ்வளவையும் படித்தவர்கள் வேறு யாரும் இல்லை. நீங்கள்தான் குழு.

பேனாவையும் ஸ்டேப்ளரையும் உங்கள் பக்கம் நகர்த்தி வைக்கிறேன். ஊசி இருக்கிறதா என்று பார்த்துவிட்டேன். இருக்கிறது.

நான் எழுதிக்கொண்டிருக்கும்வரை மணி நாலு ஐம்பத்தெட்டுதான், முற்றுப்புள்ளி வைத்தால் கவுண்டர் மூடிவிடும், ஆகவே வைக்கவில்லை, அவசரப்பட வேண்டாம், அதோ அவள் நாற்காலியில் உட்கார்ந்து பையிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரிக்கிறாள், தேன்குழல், உடைக்கும் சத்தம் இங்கே கேட்கிறது, எழுந்து வருகிறாள், கண்ணாடிக்குக் கீழே இருக்கும் இடைவெளியில் எனக்கு ஒன்று தள்ளுகிறாள், கொஞ்சம் யோசித்து, உங்களுக்கும் ஒன்று